அறிகுறியை அறிதல்: பொதுவான உளக் கோளாறுகளும் தமிழாசிரியர் பணியும்

முன்னுரை

சங்க அகப்பாடல்களைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் வெறியாட்டு என்னும் துறையை நன்கறிவர். தலைவியின் மேனி மெலிகிறது, நிறம் மாறுகிறது, உறக்கம் குறைகிறது. இம்மாற்றங்களைக் காணும் தாய், இது முருகனால் நேர்ந்தது என்று கருதிக் கட்டுவிச்சியிடம் குறி கேட்கிறாள். வேலனை அழைத்து வெறியாடச் செய்கிறாள். உண்மைக் காரணத்தை அறிந்தவள் தோழியே. தாய்க்கு மகள்மீது அன்பில்லை என்று எவரும் கூற இயலாது. அவள் அறிகுறிகளைக் காணத் தவறவில்லை. கண்டவற்றுக்குப் பிழையான பொருள் கொண்டாள்.

தலைவியின் நிலை நோயன்று; காதல். ஆயினும், அத்துறை காட்டும் சிக்கல் இன்றும் நம்மிடையே உள்ளது. மலேசியத் தமிழர் இல்லங்களிலும் பள்ளிகளிலும் உளக் கோளாறுகளின் அறிகுறிகள் கண்ணில் படாமல் இல்லை. அவை சோம்பல், திமிர், நடிப்பு, செய்வினை, காற்றுக்கறுப்பு என்னும் பெயர்களால் அழைக்கப்படுகின்றன. பெயர் பிழைபடும்பொழுது, தேடப்படும் தீர்வும் பிழைபடுகிறது. சோம்பல் எனக் கருதப்பட்ட மனச்சோர்வுக்குத் தண்டனை கிடைக்கிறது. காற்றுக்கறுப்பு எனக் கருதப்பட்ட மனச்சிதைவுக்குக் கயிறும் தகடும் கிடைக்கின்றன. மருத்துவம் கிடைக்க வேண்டிய காலம் இவ்வாறு கழிந்துவிடுகிறது.

பரவலாகக் காணப்படும் உளக் கோளாறுகள் எவை, அவற்றின் அறிகுறிகள் எவை, தமிழ்ச் சூழலில் அவை எவ்வாறு வெளிப்படுகின்றன, தமிழாசிரியர் அவற்றை எங்ஙனம் எதிர்கொள்ளலாம் என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிக்கலின் பரப்பு

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2019ஆம் ஆண்டில் உலக மக்களுள் எண்மரில் ஒருவர், அதாவது ஏறத்தாழ 97 கோடிப் பேர், ஏதேனும் ஓர் உளக் கோளாற்றுடன் வாழ்ந்தனர். அவற்றுள் பதற்றக் கோளாறுகளும் மனச்சோர்வும் முதலிடம் பெறுகின்றன. 2022ஆம் ஆண்டில் வெளிவந்த விரிவான தொகுப்பாய்வு ஒன்று, உளக் கோளாற்றுக்கு ஆளாவோருள் மூன்றில் ஒரு பங்கினர்க்கு 14 வயதுக்கு முன்பும், ஏறக்குறையப் பாதிப் பேர்க்கு 18 வயதுக்கு முன்பும் முதற்கோளாறு தொடங்கிவிடுகிறது என்று காட்டியது. ஆகவே, உளக் கோளாறுகளின் தொடக்கக் காலமும் பள்ளிப் பருவமும் பெரிதும் ஒன்றாகவே அமைகின்றன.

மலேசியச் சுகாதார அமைச்சின் தேசியச் சுகாதார ஆய்வு 2022ஆம் ஆண்டில் இடைநிலைப்பள்ளி மாணவர்களை ஆராய்ந்தது. அவர்களுள் 26.9 விழுக்காட்டினர் மனச்சோர்வு அறிகுறிகளைக் கொண்டிருந்தனர். 13.1 விழுக்காட்டினர்க்குத் தற்கொலை எண்ணம் தோன்றியிருந்தது. 2017ஆம் ஆண்டு ஆய்வில் தற்கொலை எண்ணம் 10 விழுக்காடாக இருந்தது என்பதையும் இங்கு ஒப்பிட்டுக் காணலாம். இத்தகைய ஆய்வுகள் வினாப்பட்டியலைக் கொண்டு அறிகுறிகளை அளப்பவை; மருத்துவர் நேரில் கண்டு உறுதிப்படுத்திய நோய்க்கணக்கு ஆகா. ஆயினும், முப்பது மாணவர் கொண்ட வகுப்பில் ஏழெண்மர் துயருற்றிருக்கக்கூடும் என்பதை அவை உணர்த்துகின்றன.

இந்திய சமூகத்திற்கு இது மேலும் நெருக்கமான செய்தியாகும். 2000ஆம் ஆண்டுகளின் இறுதியில் தொகுக்கப்பட்ட தேசியத் தற்கொலைப் பதிவேடு, மக்கள்தொகையில் இந்தியர் பெறும் பங்கைக் காட்டிலும் தற்கொலை இறப்புகளில் அவர்தம் பங்கு மிகுதியாக இருந்ததைப் பதிவு செய்துள்ளது. இதனைப் பேசத் தயங்குவதால் சமூகத்தின் மானம் காக்கப்படுவதில்லை, பிள்ளைகளே இழக்கப்படுகின்றனர்.

இயல்பான உணர்வும் உளக் கோளாறும்

அச்சமும் அழுகையும் மனித இயல்புகள். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை வகுத்து, ஒவ்வொன்றுக்கும் நந்நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறார். அழுகைக்கு அவர் கூறும் நிலைக்களன்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. பிறரால் இகழப்படுதல், உரியவரையும் உடைமையையும் இழத்தல், முன்னைய நிலையினின்றும் தாழ்தல், பொருளின்மை ஆகியவற்றால் மனிதர் அழுவர் என்பது இதன் கருத்து.

இலக்கணம் மருத்துவ நூலன்று. தொல்காப்பியத்தில் உளமருத்துவம் உள்ளது என்று வாதிடுவதும் இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும், நிலைக்களன் என்னும் கருத்து இயல்பான உணர்வையும் கோளாற்றையும் பிரித்தறியத் துணைபுரிகிறது. பாம்பைக் கண்டு அஞ்சுவது இயல்பு. பாம்பு அகன்ற பின்னும் பல மாதங்கள் வீட்டை விட்டு வெளியேற அஞ்சுவது இயல்பன்று. உணர்வு தன் நிலைக்களனின் அளவை விஞ்சும்பொழுதும், அது நீங்கிய பின்னும் நீடிக்கும்பொழுதும், நிலைக்களன் எதுவுமின்றியே தோன்றும்பொழுதும் கோளாறு உண்டோ என ஆராய வேண்டியுள்ளது.

இக்கால உளமருத்துவம் இரு நூல்களை அடிப்படையாகக் கொண்டு நோய்களை வகைப்படுத்துகிறது. ஒன்று, அமெரிக்க உளமருத்துவக் கழகம் 2013ஆம் ஆண்டில் ஐந்தாம் பதிப்பாக வெளியிட்டு 2022ஆம் ஆண்டில் திருத்திய நோயறி கையேடு. மற்றொன்று, உலகச் சுகாதார நிறுவனத்தின் அனைத்துலக நோய் வகைப்பாடு; இதன் பதினோராம் பதிப்பு 2022ஆம் ஆண்டு சனவரி முதல் நடைமுறையில் உள்ளது. இவ்விரண்டும் பெரும்பாலான கோளாறுகளில் மூன்று வினாக்களை முன்வைக்கின்றன எனலாம். அறிகுறிகள் எவை? அவை எவ்வளவு காலமாக நீடிக்கின்றன? அவற்றால் கல்வி, தொழில், குடும்ப உறவு ஆகியவை எந்த அளவிற்குப் பாதிக்கப்பட்டுள்ளன? ஆசிரியரும் இம்மூன்று வினாக்களை மனத்திற் கொள்ளலாம்.

பதற்றக் கோளாறுகள்

தேர்வுக்கு முன் சிறிது பதற்றம் தோன்றுவது நன்மையே. அது முயற்சியைத் தூண்டுகிறது. பதற்றக் கோளாற்றிலோ அவ்வுணர்வு வாழ்வையே முடக்குகிறது. இதன் வகைகளுள் மூன்று ஈண்டு விளக்கத்தக்கன.

முதலாவது, பொதுப் பதற்றக் கோளாறு. குடும்பம், உடல்நலம், பணம், படிப்பு எனப் பலவற்றைப் பற்றியும் அடக்கவியலாத கவலை பெரும்பாலான நாள்களில் தோன்றி, ஆறு மாதங்களுக்குக் குறையாமல் நீடிப்பது இதன் இயல்பு. அமைதியின்மை, எளிதிற் களைத்தல், மனத்தைக் குவிக்க இயலாமை, எரிச்சல், தசை இறுக்கம், உறக்கக் குறைவு ஆகியவை உடன் வரும் அறிகுறிகள்.

இரண்டாவது, பீதிக் கோளாறு. எவ்வித முன்னறிவிப்புமின்றி நெஞ்சு படபடக்கும், மூச்சு முட்டும், உடல் வியர்த்து நடுங்கும், உயிரே போய்விடும் என்னும் அச்சம் சில நிமிடங்களுக்குள் உச்சத்தை அடையும். மாரடைப்பு எனக் கருதி மருத்துவமனைக்கு விரைவோர் உளர். இதயத்தில் குறையில்லை எனத் தெரிந்த பின்னும், மீண்டும் அவ்வாறு நேருமோ என்னும் அச்சம் அவர்களை விடுவதில்லை. எனினும், நெஞ்சுவலியை முதலில் மருத்துவர் ஆராய்ந்த பின்னரே பீதி எனக் கொள்ளுதல் வேண்டும்.

மூன்றாவது, சமூகப் பதற்றக் கோளாறு. பிறர் தம்மைக் கவனித்து எள்ளுவர் என்னும் கடும் அச்சமே இதன் மையம். வகுப்பில் எழுந்து வாசிக்க மறுத்தல், பேச்சுப்போட்டி நாளில் நோய்வாய்ப்படுதல், சிற்றுண்டிச்சாலையில் பிறர்முன் உண்ணத் தயங்குதல் முதலியவை மாணவரிடம் காணத்தக்கவை. பேச்சுத்திறனும் வாசிப்பும் மதிப்பிடப்படும் மொழிப்பாடத்தில் இக்கோளாறு தெளிவாக வெளிப்படக்கூடும். கூச்சம் என்று இதனைப் புறந்தள்ளுவதும், கூச்சம் தெளியட்டும் என்று மேடையில் வலிந்து ஏற்றுவதும் ஒருசேரத் தவறாகும்.

மனச்சோர்வு

துயரமும் மனச்சோர்வும் ஒன்றல்ல. மனச்சோர்வு நோயில் இரண்டு தலைமை அறிகுறிகள் உள்ளன: நாளின் பெரும்பகுதியும் நீடிக்கும் வாட்டம், முன்பு விரும்பியவற்றில் நாட்டமின்மை. இவற்றோடு பசி, உடல் எடை ஆகியவற்றில் மாற்றம், உறக்கக் குறைவு அல்லது மிகை, அசைவிலும் பேச்சிலும் மந்தம் அல்லது பரபரப்பு, களைப்பு, தம்மைப் பயனற்றவராகக் கருதுதல் அல்லது தகாத குற்றவுணர்வு, மனத்தைக் குவிக்க இயலாமை, சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவற்றையும் சேர்த்து ஒன்பது அறிகுறிகள் கூறப்படும். தலைமை அறிகுறிகளுள் ஒன்றேனும் இருத்தல் வேண்டும்; மொத்தத்தில் ஐந்தேனும் இரு வாரங்களுக்குக் குறையாமல் நீடித்து வாழ்வைப் பாதித்தல் வேண்டும்.

சிறுவரிடமும் பதின்ம வயதினரிடமும் வாட்டத்திற்கு மாறாக எரிச்சலே முதன்மையாகத் தோன்றலாம் என்பது ஆசிரியர் மறவாது கொள்ளத்தக்க செய்தியாகும். அழுபவரிடம் நாம் இரக்கம் கொள்கிறோம். எரிந்து விழுபவரைத் தண்டிக்கிறோம். எதிர்த்துப் பேசும் மாணவர், வீட்டுப்பாடத்தைத் தொடாத மாணவர், மேசைமீது தலைசாய்த்து உறங்கும் மாணவர் ஆகியோருள் யாரேனும் மனச்சோர்வுக்கு ஆளாகியிருக்கக்கூடும். ஒழுங்கின்மை அனைத்தும் நோயெனக் கொள்ள வேண்டுவதில்லை. ஆனால், முன்பு நன்கு பயின்ற ஒருவரிடம் சில வாரங்களில் தோன்றிய மாற்றத்திற்குக் காரணம் கேட்க வேண்டியுள்ளது.

ஆடவரிடத்து மனச்சோர்வு மதுப்பழக்கத்திற்குள் மறைந்துவிடுவதும் உண்டு. குடிப்பவர் என்ற பெயர் முன்னால் நிற்க, அக்குடிக்குப் பின்னிருக்கும் நோய் கவனிக்கப்படாது போகிறது. குழந்தை பெற்ற தாய்மார்க்கு வரும் மனச்சோர்வும் அத்தகையதே. பிள்ளைப்பேற்றின் பின் சில நாள்கள் தோன்றி மறையும் மனக்கலக்கம் இயல்பானது. இரு வாரங்களைக் கடந்து நீடிப்பின் மருத்துவரை நாட வேண்டும்.

எண்ணச் சுழல் நோயும் மனவடு நோயும்

விருப்பத்திற்கு மாறாக மீண்டும் மீண்டும் தோன்றும் எண்ணங்களும், அவ்வெண்ணம் தரும் கலக்கத்தைத் தணிக்கச் செய்யப்படும் செயல்களும் எண்ணச் சுழல் நோயின் இரு கூறுகள். கை கழுவுதல், பூட்டைச் சரிபார்த்தல், எண்ணுதல் ஆகியவை பலரும் அறிந்த வடிவங்கள். தெய்வத்தை இழித்துரைக்கும் சொற்கள் வழிபாட்டின்பொழுது மனத்தில் எழுவதும், அதற்குக் கழுவாயாக மந்திரத்தை நூறு முறை உருவிடுவதும் பலர் வெளியே சொல்லாத வடிவங்கள். அவ்வெண்ணங்கள் நோயாளரின் விருப்பத்திற்கு எதிரானவை. அவர்தம் குணத்தைக் காட்டுவன அல்ல. இவற்றில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் கழிவதும், அன்றாடப் பணிகள் கெடுவதும் நோயைக் குறிக்கும். அழித்து அழித்து எழுதித் தாளைக் கிழித்துவிடும் மாணவரையும், விடைத்தாளை முடிக்க இயலாத மாணவரையும் இக்கண் கொண்டும் நோக்கலாம்.

விபத்து, வன்முறை, பாலியல் கொடுமை, போர் முதலிய பேரதிர்ச்சிக்குப் பின் தோன்றுவது மனவடு நோய். இது 1980ஆம் ஆண்டில் அமெரிக்கக் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் தனி நோயாக இடம் பெற்றது. தமிழில் இதற்கு வழங்கும் மனவடு என்னும் சொல் இலங்கைத் தமிழரின் போர்க்கால உளமருத்துவப் பணியால் வேரூன்றியதாகும். யாழ்ப்பாண உளமருத்துவர் தயா சோமசுந்தரம் அத்தலைப்பிலேயே 1993ஆம் ஆண்டில் நூலொன்றை வெளியிட்டார். நிகழ்வு கண்முன் மீண்டும் நடப்பதுபோல் தோன்றுதல், கொடுங்கனவு, அந்நிகழ்வை நினைவூட்டுவனவற்றை விலக்குதல், உணர்வு மரத்துப்போதல், சிற்றொலிக்கும் திடுக்கிடுதல் ஆகியவை ஒரு மாதத்திற்கு மேல் நீடிப்பது இதன் அடையாளம். சிறுவர் தாம் கண்டதை விளையாட்டிலும் ஓவியத்திலும் மீண்டும் மீண்டும் வெளிப்படுத்துவர்.

இருமுனைக் கோளாறும் மனச்சிதைவும்

மேற்கூறியவற்றைக் காட்டிலும் அரிதாயினும், தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதில் இவ்விரண்டும் முன்னிற்கின்றன. இருமுனைக் கோளாற்றில் மனச்சோர்வுக் காலமும் மன எழுச்சிக் காலமும் மாறி வரும். எழுச்சிக் காலத்தில் உறக்கம் மிகக் குறைந்தும் களைப்பு இராது, பேச்சு விரையும், எண்ணங்கள் தாவும், தம்மால் இயலாதது இல்லை என்னும் பெருமித உணர்வு மேலிடும், பணம் கட்டின்றிச் செலவாகும். இந்நிலை ஒரு வாரம் நீடிப்பின் முழு மன எழுச்சி எனக் கொள்வர். இதனைத் தலைக்கனம் என்றும் சாமி வந்தது என்றும் கூறுவோர் உளர்.

மனச்சிதைவு நோயாளர்க்கு, பிறர்க்குக் கேளாத குரல்கள் கேட்கும். தம்மைச் சிலர் பின்தொடர்கின்றனர், உணவில் நஞ்சு கலக்கின்றனர் என்பன போன்ற அசைக்கவியலாத நம்பிக்கைகள் தோன்றும். பேச்சு தொடர்பற்றுப் போகும். முகத்தில் உணர்ச்சி மங்கும். குளித்தல், உடுத்தல் ஆகியவற்றிலும் நாட்டம் அகலும். இறுதியிற் கூறியவை குரல் கேட்பதற்கு முன்னரே தலைகாட்டக்கூடும். இந்நோய் பெரும்பாலும் பதின்ம வயதின் இறுதியிலும் இருபதுகளிலும் தொடங்குவதால், இடைநிலைப்பள்ளியின் மேற்படிவ ஆசிரியரும் பல்கலைக்கழக விரிவுரையாளரும் இதன் தொடக்கத்தைக் காண நேரிடலாம். சிகிச்சை எவ்வளவு விரைவில் தொடங்குகிறதோ அவ்வளவு நன்மை உண்டு.

மனச்சிதைவு என்பது ஒருவருள் இருவர் வாழ்வதன்று; திரைப்படங்கள் பரப்பிய அக்கருத்து வேறொரு கோளாற்றைச் சார்ந்தது. அவ்வாறே, நோயாளர் அனைவரும் தாக்குவர் என்பதும் பிழை. அவர்களுள் பெரும்பாலோர் எவர்க்கும் தீங்கிழைப்பதில்லை. பிறரால் தீங்குறுவதே மிகுதி.

உடலின் மொழியும் சமூகத்தின் சொல்லும்

நம்மவர் தம் உளத்துயரை மருத்துவரிடம் உடற்சொற்களால் உரைப்பது இயல்பு. நெஞ்சு கனக்கிறது, வயிற்றைப் பிசைகிறது, தலை பாரமாக உள்ளது, கை கால் ஓய்ந்துவிட்டது, உடம்பெல்லாம் எரிகிறது என்பன அத்தகையவை. இவற்றை நடிப்பென்று கொள்ளுதல் தகாது. மனச்சோர்வும் பதற்றமும் உடலில் உண்மையாகவே வலியையும் களைப்பையும் தோற்றுவிக்கின்றன. ஒவ்வொரு திங்கட்கிழமையும் வயிற்றுவலியென்று எம்.சி. கொண்டுவரும் மாணவர்க்கு வயிறு உண்மையாகவே வலிக்கலாம். அவ்வலியின் வேர் வகுப்பறையிலோ வீட்டிலோ இருக்கலாம்.

நோயைக் குறிக்கும் சொற்களும் தீங்கு செய்ய வல்லவை. பேராக்கில் உள்ள தஞ்சோங் ரம்புத்தானில் 1911ஆம் ஆண்டில் மனநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டது. அன்று முதல் தலைமுறை தலைமுறையாக அவ்வூர்ப் பெயரே மலேசியர் வாயில் வசைச்சொல்லாகிவிட்டது. அம்மருத்துவமனை இன்று மகிழ்ச்சி எனப் பொருள்படும் பஹாகியா என்னும் மலாய்ப் பெயரைத் தாங்கி நிற்கிறது. எனினும் வசை மறையவில்லை. தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டியதுதான் என்று வகுப்பில் விளையாட்டாகச் சொல்லக் கேட்ட மாணவர், தமக்குக் குரல் கேட்பதை அவ்வகுப்பில் எவரிடமும் கூற முன்வருவாரா என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மறைத்துக் கூறும் சொற்களும் உள. நரம்புத் தளர்ச்சி என்பது அவற்றுள் ஒன்று. குடும்பத்தின் கூச்சத்தை அது தணிக்கிறது. ஆனால் உடல் வலுவுக்கான மருந்துகளைத் தேடவே வழிகாட்டுகிறது. மனச்சோர்வு, பதற்றக் கோளாறு, மனச்சிதைவு என்னும் சொற்களை வசையாகவும் ஆக்காமல், மூடியும் வைக்காமல், சளி, நீரிழிவு என்பனபோல் இயல்பாக வழங்கச் செய்வது மொழியாசிரியர் ஆற்றக்கூடிய பணியாகும்.

காரணமும் சிகிச்சையும்

உளக் கோளாற்றுக்கு ஒற்றைக் காரணம் இல்லை. மரபுவழி வரும் இயல்பு, மூளையின் செயற்பாடு, இளமையில் நேர்ந்த கொடுமை, இழப்பு, வறுமை, தனிமை, உடல்நோய், போதைப்பொருள் ஆகிய பலவும் கூடி அதனைத் தோற்றுவிக்கின்றன. தைராய்டுச் சுரப்புக் குறைவும் இரத்தச்சோகையும் மனச்சோர்வை ஒத்த அறிகுறிகளைத் தரும். ஆதலால், மருத்துவர் உடலையும் ஆராய்வர். மனவுறுதி இல்லாமையே காரணம் என்னும் கருத்துக்கு மருத்துவ அறிவியலில் இடமில்லை.

சிகிச்சை இருவகைப்படும். ஒன்று, பேச்சுவழிச் சிகிச்சை. எண்ணத்தையும் நடத்தையையும் ஆராய்ந்து படிப்படியாக மாற்றும் முறை, பதற்றத்திற்கும் மனச்சோர்வுக்கும் நற்பயன் தருவதாக உறுதிப்பட்டுள்ளது. மற்றொன்று, மருந்து. இருமுனைக் கோளாற்றுக்கு லித்தியம் உதவும் என்பதை ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949ஆம் ஆண்டில் வெளியிட்டார். மனச்சிதைவுக்கான முதல் மருந்தாகிய குளோர்ப்ரோமசின் 1952ஆம் ஆண்டில் பயன்பாட்டுக்கு வந்தது. அவற்றின் வருகை, வாழ்நாள் முழுதும் மருத்துவமனையில் அடைபட்டிருந்தோர் பலர் வீடு திரும்ப வழிகோலியது. மனச்சோர்வு மருந்துகள் பயன் தரச் சில வாரங்கள் ஆகும். பத்து நாளில் குணமில்லை என்று நிறுத்துவதும், குணமானவுடன் மருத்துவரைக் கேளாமல் நிறுத்துவதும் நோய் மீள்வதற்கு இடந்தரும்.

வழிபாடு மனத்திற்கு ஆறுதல் தருகிறது. அதனைக் கைவிடுமாறு எவரையும் வற்புறுத்த வேண்டுவதில்லை. கோயிலுக்குச் செல்வோர் மருத்துவரிடமும் செல்லட்டும் என்பதே நாம் கூறத்தக்கது. இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

ஆசிரியர் செய்யத்தக்கவை

நோயறிதல் ஆசிரியரின் பணியன்று. மாற்றத்தைக் கவனித்தலே அவர்தம் பணி. தமிழாசிரியர்க்கு இதில் தனித்த வாய்ப்பு உண்டு. இடைநிலைப்பள்ளிகள் பலவற்றில் தமிழ் வகுப்பு சிறியது. மாணவர் தம் வீட்டு மொழியில் பேசும் இடமும் அதுவே. தமிழ்ப்பள்ளியிலிருந்து மலாய்வழி இடைநிலைப்பள்ளிக்கு மாறிவந்த முதலாண்டில் அவ்வகுப்பு மாணவர்க்குப் பெருந்துணையாகிறது. மேலும், மாணவர் எழுதும் கட்டுரையையும் கதையையும் ஆசிரியர் படிக்கிறார். ஒருவர் எழுத்தில் சாவும் பயனின்மையும் மீண்டும் மீண்டும் இடம்பெறுமாயின், எழுத்துப்பிழையைத் திருத்தி மதிப்பெண் இடுவதோடு நிறுத்தலாகாது.

அந்நிலையில் மாணவரைத் தனியே அழைத்து, தாம் கண்ட மாற்றத்தைப் பழிக்காமல் எடுத்துரைத்துக் கேட்கலாம். "உன்னிடம் சில வாரங்களாக ஒரு மாற்றத்தைக் காண்கிறேன், மனத்தை ஏதேனும் வருத்துகிறதா?" என்பது போதுமானது. மாணவர் பேசும்பொழுது அறிவுரையைத் தவிர்த்துச் செவிமடுத்தல் வேண்டும். இதெல்லாம் ஒரு கவலையா, உன்னைவிடத் துன்புறுவோர் எத்தனை பேர் என்பன போன்ற சொற்கள் பேச்சை முடித்துவிடும்.

தற்கொலை எண்ணம் உண்டோ என ஐயம் எழுந்தால் நேராகவே கேட்கலாம். கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை என ஆய்வுகள் காட்டுகின்றன. மாறாக, கேட்கப்பட்டவர் ஆறுதல் பெறுகிறார். உண்டு என்று விடை வருமாயின் அவரைத் தனியே விடாமல், பள்ளி ஆலோசகர்க்கும் தலைமையாசிரியர்க்கும் பெற்றோர்க்கும் உடனே தெரிவித்தல் வேண்டும். எவரிடமும் கூறமாட்டேன் என்று முன்கூட்டி உறுதியளித்தலாகாது; உன்னைக் காக்க வேண்டியவரிடம் மட்டும் கூறுவேன் என்று சொல்லலாம். வீட்டிலிருப்பவரே துன்பத்திற்குக் காரணம் என அறிந்தால், பெற்றோர்க்குத் தெரிவிப்பதற்கு முன் ஆலோசகரைக் கலந்து, பிள்ளையின் பாதுகாப்பை முதலில் உறுதிசெய்தல் வேண்டும்.

உதவிபெறும் வழிகள் முன்னைவிடப் பெருகியுள்ளன. அரசாங்கச் சுகாதார நிலையங்களிலேயே முதற்கட்டச் சிகிச்சை பெறலாம்; அங்கிருந்து பொது மருத்துவமனையின் உளமருத்துவப் பிரிவுக்கு அனுப்பப்படுவர். சுகாதார அமைச்சின் 15555 என்னும் ஹீல் உதவித் தொலைபேசிச் சேவை 2022ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. 1970ஆம் ஆண்டு முதல் பிஃப்ரெண்டர்ஸ் தன்னார்வ அமைப்பு கோலாலம்பூரில் செவிமடுக்கும் தொண்டினை ஆற்றிவருகிறது. தற்கொலைக்கு முயல்வது முன்னர் ஓராண்டு வரையிலான சிறைக்குரிய குற்றமாக இருந்தது. சிங்கப்பூர் 2020ஆம் ஆண்டிலும் மலேசியா 2023ஆம் ஆண்டிலும் அதனைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கின. காவல் நிலையத்திற்கு அஞ்சி முயற்சியை மறைத்த குடும்பங்கள் இனி மறைக்க வேண்டுவதில்லை. இச்செய்தி பெற்றோர் பலரை இன்னும் எட்டவில்லையாதலின், பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் இதனை எடுத்துரைத்தல் நலம்.

முடிவுரை

உளக் கோளாறுகள் பலவாயினும் அறிகுறியின் தன்மை, கால அளவு, வாழ்வில் நேர்ந்த பாதிப்பு என்னும் மூன்றையும் நோக்கின் இயல்பான துயரத்தினின்றும் அவற்றைப் பிரித்துணர இயலும். அவை உடலின் வழியாகவும் எரிச்சலின் வழியாகவும் வெளிப்படும் என்பதை அறிந்தால், தண்டிக்கத்தக்கவர் எனக் கருதப்பட்ட மாணவருள் சிலர் சிகிச்சை பெறத்தக்கவர் என்பது புலனாகும்.

அகப்பாடல்களில் தோழி உண்மையைத் தன்னளவில் வைத்துக்கொள்வதில்லை. காலம் அறிந்து, கூறவேண்டியவரிடம், தலைவிக்கு இழுக்கு நேராத வகையில் எடுத்துரைக்கிறாள். அதனை அறத்தொடு நிற்றல் என்று நம் இலக்கணம் போற்றுகிறது. மாணவரின் துயரைக் கண்டறிந்து, அவர்தம் மானத்திற்குக் குறைவு வாராமல் ஆலோசகரிடமும் பெற்றோரிடமும் மருத்துவரிடமும் சேர்ப்பிக்கும் ஆசிரியர் செய்வதும் அதுவே. இப்பணிக்கு உளமருத்துவப் பட்டம் வேண்டுவதில்லை. இங்குக் கூறப்பட்ட அறிகுறிகளைப் பற்றிய அறிவும், ஒரு மாணவர்க்கெனக் கால் மணி நேரம் ஒதுக்கும் மனமும் வேண்டும். ஆசிரியர் பயிற்சிக் கழகங்களும் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் இவ்வறிவைத் தம் பாடத்திட்டத்தில் இணைக்குமாயின், காலம் கடந்த பின் வருந்தும் நிலை பல குடும்பங்களுக்கு நேராமற் காக்கலாம்.